ஏழரை மணிக்குக் கறுப்பான திரை

பக்கத்து வீட்டுப் பாட்டி ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். சீரியல் நேரம். திரையில் ஒரே வரி: "இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா செலுத்தவில்லை."

பணம் ஒன்றாம் தேதியே கட்டியாச்சு.

பெட்டியில் கோளாறில்லை. சேனல்காரருக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் கட்டணத் தகராறு. 2023 பிப்ரவரியிலும் இதேதான். புது விலைக்குக் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய சேனல் குழுமங்கள் சிக்னலை நிறுத்தின. அடி வாங்கியது பார்க்கிறவர்கள்.

சேனலின் மாத விலைக்கு 19 ரூபாய் உச்சவரம்பு என்பது தொகுப்பில், அதாவது பேக்கில், சேர்க்கும் சேனலுக்கு மட்டும். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 22 ரூபாய் 42 காசு. தொகுப்பில் சேராத சேனலுக்கு வரம்பே கிடையாது. மாதாமாதம் கட்டும் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த 130 ரூபாய் வரம்பையும் 2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எடுத்துவிட்டது.

"பேக்தான் இருக்கு" என்று கேபிள்காரர் சொன்னால் விடாதீங்க. எந்தக் கட்டணச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்கலாம், விதி அப்படி. வராத சேனலின் பெயரையும் நின்ற தேதியையும் குறித்து வைத்து, அடுத்த பில்லில் கழிக்கச் சொல்லுங்க.

சிக்னலை நிறுத்த மூன்று வாரம் முன்பே நோட்டீஸ் தரணும். பாட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை. இன்னமும் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்.