கண்மாய்க்குள் 22 கஜம்

2025 மே 17, சனி

நாளைக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். அக்கா மகன், பதினாலு வயது. ஒன்றரை வருஷமாக கிரிக்கெட் வலைக்குள் ஆஃப் ஸ்பின் போட்டுப் பழகுகிறான். கீழே மேட், நாலு பக்கமும் நைலான் வலை. இவன் போட்ட பந்தை எவனாவது தூக்கி அடித்தால் அது எங்கே போய் விழும் என்பதை இவன் கண்ணால் பார்த்ததே இல்லை. வலையில் முட்டிச் செத்துவிடும். அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மதுரையைச் சுற்றி இருக்கிற கிராமத்து மைதானங்களை ஒரு நாளாவது இவன் பார்க்கணும்.

வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. கடையிலிருந்து 30 மீட்டர் டேப் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் பிட்சை அளந்து எழுதி வைக்க ஆசை. அக்கா புளியோதரை கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

மே 18, ஞாயிறு

விடிய ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் கீழக்குயில்குடி. சமணர் மலை முழுசாக வெயில் வாங்கவில்லை, உச்சிப் பாறை மட்டும் மஞ்சளாகியிருந்தது. அடிவாரப் பொட்டலில் அதற்குள் மூன்று ஆட்டம் நடக்கிறது. எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. இந்த ஆட்டத்தின் கவர் பீல்டர் அந்த ஆட்டத்தின் ஸ்கொயர் லெக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பந்து மாறிப்போகாமல் இருக்க ஒரு குழு தன் பந்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. முறையாக 66 அடி இருக்கணும். மூன்று பிட்சையும் அளந்தேன்: 61 அடி, 63 அடி, 60 அடி. எல்லாம் காலடி வைத்து அளந்தவை. குட்டைக்காரன் அளந்தால் பிட்ச் குட்டை. யாரும் கோபப்படவில்லை. "ரெண்டு டீமுக்கும் அதே பிட்சுதானே அண்ணே" என்றான் ஒரு பையன். சரிதானே.

நாகமலைப் புதுக்கோட்டையில் டீ. செக்கானூரணி தாண்டி ஒரு மண்பாதையில் இறங்கினோம். கூட்டாளி ஒருவர் சொல்லி வைத்திருந்த கண்மாய். நான் இன்றைக்குக் கிளம்பியதே அதற்காகத்தான்.

கரைமேல் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்ததும் பையன் வாயடைத்து நின்றுவிட்டான். தண்ணீர் வற்றிய கண்மாய் அவ்வளவு பெரிசாகத் தெரியும். சுற்றிலும் சீமைக்கருவேலம், ஒரு பக்கம் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு, நடுவில் சாம்பலும் கருப்புமாக வெடித்துக் கிடக்கிற களிமண். அந்த வெடிப்புக்கு நடுவில் பாய் விரித்தாற்போல ஒரு பிட்ச்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். சுற்றி இருக்கிற வெடிப்பில் என் கை விரல் நாலும் இறங்குகிறது. பிட்சில் மட்டும் மயிரிழைக் கீறல்கள்தான். எப்படி என்று கேட்டேன். தை கடைசியில் தண்ணீர் வடிந்ததும், மண் ஈரப்பதமாக இருக்கும்போதே மேட்டை வெட்டிச் சமம் பண்ணி, திமிசுக்கட்டையால் இடித்து, உருளை ஓட்டி, அதற்குமேல் சாணி கரைத்து மெழுகியிருக்கிறார்கள். நெல்லடிக்கிற களத்தைத் தயார் பண்ணுகிற அதே வேலை. வாரம் ஒருமுறை மறுபடி மெழுகுகிறார்கள். வைக்கோல் துணுக்குகள் மண்ணோடு பிணைந்து தோல் மாதிரி இறுகியிருந்தன. உருளை, கான்கிரீட் அடைத்த தார் டிரம். இதைச் செய்தவர்களுக்கு யாரும் பிட்ச் போடச் சொல்லிக்கொடுக்கவில்லை. களம் மெழுகத் தெரிந்த கை அதுவாகவே செய்திருக்கிறது.

டேப்பை விரித்தேன். 66 அடி. ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓய்வுபெற்ற தலையாரி. "குறைஞ்சிருக்கா தம்பி?" என்றார்.

"சரியா இருக்குங்கய்யா. எப்படி அளந்தீங்க?"

"நிலம் அளக்கிற சங்கிலில போட்டது. நூறு லிங்க்கு, 66 அடி. இந்தப் பயலுக 22 கஜம்னு சொன்னாங்ய. ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

ஒன்றேதான். எத்தனையோ வருஷம் கிரிக்கெட் பார்த்திருக்கிறேன், 22 கஜம் என்ன கணக்கு என்று யோசித்ததே இல்லை. வெள்ளைக்காரன் நாட்டு அளவுச் சங்கிலி ஒன்றின் நீளம் அது. அதே சங்கிலியைப் போட்டு நம்ம ஊர்களையும் அளந்தான். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், பழைய புலப்படங்களில் லிங்க் கணக்குதான் இருக்கும். பெரியவர் அந்தச் சங்கிலியோடு இந்தக் கரையெல்லாம் நடந்தவர்.

மருமகனுக்கு இரண்டு ஓவர் கொடுத்தார்கள். முதல் ஓவரில் மூன்று பந்து கரைக்கு மேலே பறந்தது. கரை தாண்டினால் சிக்ஸ். முள்ளுக்குள் போனால் இரண்டு ரன்னோடு சரி, அடித்தவனே போய் எடுக்கணும். வண்டல் எடுத்த பள்ளத்துக்குள் லாங் ஆன் நிற்கிறான், தலை மட்டும் தெரிகிறது. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் பழகிய பந்து 156 கிராமுக்குக் குறையாது. டென்னிஸ் பந்து அதில் பாதிகூட இல்லை. விரலால் எவ்வளவு திருகினாலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

கதிர் அறுக்கிற வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி மிட் ஆனில் நின்றிருந்தான். கிட்டே வந்தான். "திருகாத மாப்ள. சொடக்கு." பந்தை வாங்கிக் காட்டினான். நடுவிரலை மடக்கிப் பந்துக்குப் பின்னால் வைத்து, கட்டைவிரலால் தாங்கி, சொடக்குப் போடுகிற மாதிரி தள்ளவேண்டும். நகக்கண்ணில் மண் படிந்த தடித்த விரல். பந்து அதற்குள் நெல்லிக்காய் மாதிரி இருந்தது. அஷ்வின் சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தில் பார்த்துக் கற்றுக்கொண்டதும் இதே சொடக்குதான். 106 டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த கைக்கு ஒரு வித்தை தெருவிலிருந்து போயிருக்கிறது.

இரண்டாவது ஓவரில் முதல் சொடக்கு அவன் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது வைடு. அடுத்ததைக் கரைக்கு அனுப்பினார்கள். நாலாவதாகப் போட்டது விழுந்ததும் அவன் வழக்கமான ஸ்பின்னுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. மட்டையும் தொடவில்லை, கீப்பரும் தொடவில்லை, பின்னால் போய் நாலு பைஸ். பையன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வெயில் ஏறி ஆட்டம் கலைந்தது. சோழவந்தான் வழியாக வைகையைத் தாண்டி, தென்னந்தோப்பு நிழலில் புளியோதரை. அலங்காநல்லூர் பக்கம் எந்த மைதானத்திலும் ஆள் இல்லை. பாலமேட்டில் வாடிவாசல் பக்கத்திலேயே குச்சி நட்டுச் சின்னப் பிள்ளைகள் ஆடின. அளக்க மனசு வரவில்லை, அப்படி ஒரு வெயில்.

நாலரைக்கு நத்தம். என்.பி.ஆர். கல்லூரி மைதானம், 2016 முதல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடக்கிற இடம். காவலாளி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அத்தனை பச்சை. சுற்றிலும் மலை. பையன் எல்லைக் கோட்டருகே குத்தவைத்துப் புல்லைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, இங்க எவ்வளவு தூரம் அடிச்சாலும் பந்து தொலையாதுல்ல?"

திரும்பி நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் வரும்போது என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

மே 20, செவ்வாய்

பையன் குதிகாலில் கருவேல முள். ஊக்கால் எடுத்தாள் அக்கா. எனக்குத் திட்டு. மொட்டைமாடிச் சுவரில் சொடக்கிச் சொடக்கிப் போடுகிறானாம், கீழ்வீட்டிலும் புகார்.

ராத்திரி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றிப் பேசினோம். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து ஆஸ்திரேலியா வரை போய், 2023-இல் அதே ஊரில் மைதானம் கட்டினவர். "அங்கயும் போவமா மாமா?" போகணும்.

ஜூலை 6, ஞாயிறு

டி.என்.பி.எல். இறுதியாட்டம், நத்தத்தில். டிவியில் நாங்கள் நின்ற இடம் எது என்று தேடிக்கொண்டே இருந்தோம். அஷ்வினின் திண்டுக்கல் 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூரிடம் தோற்றது. 2018-இல் நம்ம மதுரை கோப்பை வாங்கியபோது இவனுக்கு ஏழு வயது, ஞாபகமே இல்லை என்கிறான். அஷ்வின் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றான்.

அக்டோபர் 26, ஞாயிறு

இந்த மாசம் 9-ஆம் தேதி சிந்தாமணிப் பக்கம் தோனி வந்து பெரிய மைதானத்தைத் திறந்து வைத்தார். மதுரைக்கு இப்படி ஒன்று வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பையனை அங்கேயும் கூட்டிப்போகணும்.

இன்று காலையில் பெரியவர் போன். மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டதாம். இருவரும் போனோம். கலுங்கு இன்னும் எட்டவில்லை, ஆனாலும் பிட்ச் மேலே இடுப்பளவு தண்ணீர். அந்தத் தம்பி ஆட்டத்தில் நின்ற மிட் ஆனில் இரண்டு கொக்கு. பையன் முகம் வாடியதைப் பெரியவர் கவனித்துவிட்டார். "தண்ணி வந்ததுக்கு மூஞ்சியத் தூக்கக் கூடாதுப்பா. இது பெருகுனாத்தான் இந்த வருசம் சோறு." வயலைக் காட்டினார். நாற்று நட்டு முடித்திருந்தார்கள்.

உருளையைக் கரைமேல் ஏற்றி, உருளாமல் கல் முட்டுக்கொடுத்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

"மாசிக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். மெழுகுற அன்னைக்கு வந்துருங்க" என்றார். "டேப்பு கொண்டாற வேணாம். சங்கிலி வீட்ல கெடக்கு."