மாத்திரைக்கு அடங்காத கட்டி: எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி அனுபவம்

என் தொடையில் வந்த கட்டிக்கு முதலில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி பெரிதானதுதான் மிச்சம். அடுத்து செஃபலெக்சின். அதற்கும் அடங்கவில்லை, சுற்றிலும் சிவந்து, தொட்டாலே சுட்டது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார்கள் வீட்டில். இந்தக் கட்டியைப் பார்க்கும் பலருக்கும் அப்படித்தான் தோன்றுமாம்.

பிறகு பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர் மூன்றாவது மாத்திரை எழுதவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார். சீழ் தேங்கிய இடத்துக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது, கீறி எடுப்பதுதான் முதல் வைத்தியம் என்றார். வலி அன்றிரவே பெருமளவு விட்டது. எடுத்த சீழில் கொஞ்சம் கல்ச்சர் சோதனைக்கும் போனது. முதல் மாத்திரை பலிக்காதபோதே இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இரண்டு மூன்று நாளாகும். முடிவு, எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) கிருமி. பென்சிலினும் அதன் உறவு மருந்துகளும் கிருமியின் ஒரு புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்லும். மெக்-ஏ மரபணு உள்ள ஸ்டாஃப், அந்தப் பிடிக்குச் சிக்காத இன்னொரு புரதத்தைத் தயாரித்துக்கொள்கிறது. நான் சாப்பிட்ட இரண்டு மருந்துமே அந்தக் குடும்பம், எப்படிப் பலிக்கும்? மெதிசிலின் புழக்கத்துக்கு வந்தது 1959-இல். 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கு அடங்காத ஸ்டாஃப் பற்றி எழுதிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் கிளிண்டாமைசின் என்ற மருந்து வேலை செய்யும் போலத் தெரிந்தது. ஆனால் டி-டெஸ்ட் என்ற கூடுதல் சோதனை பாசிட்டிவ். அதாவது மருந்து உள்ளே போனபின் அதற்குக் கிருமியின் எதிர்ப்பு தலைதூக்கலாம். அதனால், சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, சல்ஃபா கலந்த கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்தார். வான்கோமைசினுக்கும் கிருமி அடங்கும்தான். ஆனால் அது நரம்பு வழியே ஏற்றுவது, ரத்தம், நுரையீரல், எலும்பு வரை தொற்று போனவர்களுக்குத் தேவைப்படுவது. என் தொடைக் கட்டிக்கு அதைத் தொடாமல் விட்டதில் எனக்கு நிம்மதி.

புண் ஆறிய கொஞ்ச நாளில் வீட்டில் இன்னொருவருக்குக் கட்டி வந்தது. ஸ்டாஃப் மூக்கின் முன்பகுதியில் சத்தமில்லாமல் குடியிருக்கும். சாதாரண வகை ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் உண்டு. மருத்துவர் சொன்னபடி எல்லோரும் ஒரே சமயத்தில் 5 நாள், தினம் இருவேளை மூக்கில் முபிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளித்தோம். துண்டு, ரேசர் ஆளுக்குத் தனி. துணிகளைச் சுடுநீரில் துவைத்து நன்றாகக் காய வைத்தோம். புண்ணை எப்போதும் மூடி வைத்து, டிரெஸ்ஸிங் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். அப்புறம் யாருக்கும் வரவில்லை.

கட்டியைப் பிதுக்காதீர்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, கட்டி முகத்தில் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ஏதாவது ஆபரேஷன் என்றால், முன்பு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்ததை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள்.