ரீசெட்டுக்கு முன் கேட்ட கேள்வி

"சார், ரீசெட் பண்ணிடவா, இல்ல டம்ப் எடுக்கணுமா?"

"ரீசெட் பண்ணிடுங்க."

லினக்ஸ் சர்வர் உறைந்து 40 நிமிடம் ஆகியிருந்தது. டம்ப் என்றால் அந்த நேரத்து நினைவகத்தைக் கோப்பாக எழுதிவைப்பது; ஏன் உறைந்தது என்று பிறகு அதில் தேடலாம். நினைவகம் 256 ஜிபி. அதை எழுதி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மனக்கணக்கு போட்டேன். கணக்கே தவறு. டம்ப் எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவியில் டம்ப் நிலை 31 என்றால் பூஜ்யப் பக்கங்கள், கேஷ், பயனர் பக்கங்கள், காலிப் பக்கங்கள் எல்லாம் கழிந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்தத் தரவு மட்டுமே.

ஆனால் டம்ப் எடுக்கும் ஏற்பாடான கேடம்ப் வேலை செய்யவே கெர்னல் பேனிக் ஆக வேண்டும், அதாவது மீள முடியாத பிழை என்று தானே நின்றுவிட வேண்டும். அப்போதுதான் ஒதுக்கிவைத்த நினைவகத்தில் காத்திருக்கும் இரண்டாம் கெர்னல் எழுந்து, பழைய நினைவகத்தை விஎம்கோர் கோப்பாகக் காட்டும். உறைந்த கெர்னல் பெரும்பாலும் தானாகப் பேனிக் ஆகாது. சர்வரைத் தொலைவிலிருந்து கையாளும் ஐபிஎம்ஐ வழியாக என்எம்ஐ, அதாவது சிபியு தள்ளிவைக்க முடியாத இன்டரப்ட் (குறுக்கீட்டுக் குறிப்பு), அனுப்பித் தள்ள வேண்டும். பிறகு பார்த்தால் அந்த சர்வரில் அன்நோன் என்எம்ஐ பேனிக் என்ற அமைப்பு 0, அதாவது காரணம் தெரியாத என்எம்ஐ வந்தாலும் பேனிக் ஆகாதே, என்றே இருந்தது. என்எம்ஐ அனுப்பியிருந்தாலும் பதிவில் ஓரிரு வரி விழுந்ததோடு முடிந்திருக்கும். இது கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலும் நிற்கவில்லை. உறைந்த நேரத்திலும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. இன்டரப்ட்கள் உயிரோடு இருந்தன என்றுதான் அதற்கு அர்த்தம். கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூ 1, அதாவது முழு அனுமதி, என்றே இருந்தது. சீரியல் கன்சோலில் பிரேக் குறிப்பை அனுப்பி, உடனே கெர்னலை வீழ்த்தும் கட்டளையான சி அழுத்தியிருந்தால் பேனிக் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கெர்னலுக்குள் எந்தப் பூட்டை (லாக்) எந்த நிரல் பிடித்திருந்தது என்பது அந்த நினைவகத்தில்தான் இருந்தது. ரீசெட்டோடு போய்விட்டது.

சேவை நின்றிருந்தது, காத்திருந்தவர்கள் பலர். அந்தப் பதில் நியாயம்தான் என்று இன்றும் சில நேரம் தோன்றும்.

இப்போது எந்த சர்வரும் சேவைக்குப் போகுமுன் சிஸ்ஆர்கியூ ட்ரிகரில் சி எழுதி நாங்களே வீழ்த்திப் பார்க்கிறோம். இரண்டாம் கெர்னல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கெக்செக் க்ராஷ் லோடட் 1 என்று காட்டுவது போதாது. இரண்டாம் கெர்னல் எழும்போது பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் டிஸ்க் டிரைவர் விட்டுப்போயிருக்கலாம். டிரைவர்கள் அதிகமான சர்வரில் 256 எம்பி ஒதுக்கீடு போதாமல் அந்தக் கெர்னலே நினைவகமின்றி விழலாம். இரண்டிலும் டம்ப் இல்லாமல் ரீபூட்தான் மிச்சம். அதே பில்டின் டீபக் தகவலுள்ள கெர்னல் கோப்பான விஎம்லினக்ஸையும் எடுத்துவைக்கிறோம். அது பொருந்தாவிட்டால் டம்பை ஆராயும் க்ராஷ் கருவி விஎம்கோர் கோப்பைத் திறக்காது.

கேட்டவரிடம் இதையெல்லாம் சொன்னேன், தலையாட்டினார். அடுத்த முறை ஒரு சர்வர் உறைந்தபோது, ரீசெட் செய்து முடித்துவிட்டுத்தான் என்னை அழைத்தார்.