பத்து கட்டத்துக்குள் ஒரு கல்லறைக் கொள்ளை

கெய்ர்ன் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம். ஒரு கதாபாத்திரம் பத்து ஸ்லாட், அதாவது பத்து கட்டத்துக்குள் அடங்குவதைத்தான் சுமக்கலாம் என்ற விதி கடைசியில் எங்கள் குழுவுக்குப் பிடிபட்டுவிட்டது. கணக்கெழுதும் வேலை என்று பசங்க அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். இந்த ஞாயிறு அதே விதி ஒரு ஆளைக் காவு வாங்கியது.

கதை நடக்கும் களம் நான் எழுதியது. நொய்யல் கரையில் கொடுமணலில் இருக்கும் பழங்காலக் கல்லறைகளின் கல்வட்டங்களை நேரில் பார்த்ததிலிருந்தே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கற்பதுக்கை என்னும் கல்லறை அறையின் பலகைக்கல்லில் இடுதுளை என்னும் ஓட்டை, அதற்குள் ஊர்ந்து போனால் அடுத்த அறை, அங்கே தாழி நிறைய சூதுபவள மணிகள். தாழிக்கு இரண்டு ஸ்லாட்.

தம்பி ஆடிய மந்திரக்காரனின் பையில் ஏழு ஸ்லாட் நிறைந்திருந்தது. "உட்டுட்டுப் போக மனசு வரலீங்ணா" என்று தம்பி தாழியைத் தூக்கிக்கொண்டான். ஒன்பது. காவல் பூதம் எழுந்ததும் மந்திரம் படித்தான். அதனால் வரும் களைப்புக்கு ஒரு ஸ்லாட். பத்தும் நிறைந்தால் ஹெச்பி (அடி தாங்கும் அளவு) பூஜ்யம். இந்த ஆட்டத்தில் அடி படுமா என்று தனியாகப் பகடை கிடையாது, நேரே சேதம்தான். பூதத்தின் டி8-ல் (எட்டு முகப் பகடை) 6, கவசம் 1 போக 5. ஹெச்பி இல்லாததால் பலம் 8-லிருந்து 3. தாக்குப்பிடிக்க டி20-ல் 3-க்குள் விழ வேண்டும், விழுந்தது 11. மற்றவர்கள் பூதத்திடமிருந்து தப்பி ஓடிவிட்டார்கள். படுகாயத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் கவனிக்க ஆளில்லாவிட்டால் சாவு. தம்பி தாழியை நினைத்துத்தான் அதிகம் வருந்தினான்!

இந்த விதி புரிந்ததற்கு முழுக் காரணம் பொருளுக்கு ஒன்றாக வைத்த அட்டைகள். தாளில் பெயர் எழுதினால் கனம் தெரியாது. திருப்பூர் அச்சகங்களில் பனியன் டேக் வெட்டிய மிச்ச அட்டை எடைக்குக் கிடைக்கும். 300 ஜிஎஸ்எம் (அட்டையின் கனம்) கேட்டு வாங்குங்கள், அதற்குக் கீழே போனால் ஓரம் மடங்குகிறது. பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பென்சில் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருந்தால் பின்பக்கத்தில் எழுதலாம். 5 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை கச்சிதமாக உட்காரும். பெரிய பொருளுக்கு இரட்டை அகல அட்டை. களைப்புக்குச் சிவப்பு அட்டை. அதைக் கட்டத்தில் வைக்கும்போது மேசையே அமைதியாகிறது.

பகடைதான் இன்னும் தலைவலி. ஆன்லைனில் வாங்கிய செட்டில் பளிங்கு நிறத்தின் மேல் தங்க எண்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் டி12-ஐப் படிக்கவே முடியவில்லை. அடுத்தது வெள்ளையில் கறுப்பு எண்தான்.

சங்ககிரி மலைக்கோட்டையை வைத்து அடுத்த களத்துக்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். வாசலுக்கு மேல் வாசல், ஏற ஏறப் பையைக் குறைக்க வேண்டிய இடம். ஆனால் கொடுமணலில் மூன்றாவது அறை இன்னும் திறக்கவில்லை, அதற்கான எதிர்ப்படுவோர் பட்டியலும் பாதியில் நிற்கிறது. தம்பி புது ஆளுக்குப் பகடை போட்டுவிட்டான். பையில் முதலில் வைத்தது கயிறு.