துண்டில் வந்த வாடை

கார்த்திகை மழையில் எங்கள் வீட்டுத் துண்டுகள் அத்தனையும் கெட்டுப்போயின. மடித்து வைக்கும்போது ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு முகம் துடைத்தால் போதும், ஈரம் பட்டதும் கரித்துணி வாடை குப்பென்று கிளம்பும். சோப்புத்தூளைக் கூட்டினேன், வாசனைத் திரவம் ஊற்றினேன். கரித்துணியோடு மல்லிகையும் சேர்ந்து இன்னும் மோசம்.

இந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உலர்ந்தாலும், புற ஊதா ஒளி பட்டாலும் ஓரளவு தாங்குமாம். வெயிலில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நான் நம்பியது அவ்வளவுதான்.

தப்பு என் பக்கம்தான். 30 டிகிரியில் அரைமணி நேரத் துவைப்பு, அப்புறம் சோம்பலில் இரவு முழுக்க மெஷினுக்குள்ளேயே ஈரத்துணி. கதவு ரப்பரை விரித்துப் பழைய பனியனால் துடைத்தேன். கறுப்பாக, வழவழவென்று வந்தது. சுத்தமான துணி அதில் உரசித்தான் வெளியே வந்துகொண்டிருந்தது!

இப்போது துண்டுகளுக்குத் தனியாக 60 டிகிரி, ஆக்சிஜன் பிளீச் ஒரு கரண்டி. முடிந்த கையோடு ஃபேனுக்கடியில் கொடி. வாசனைத் திரவம் கிடையாது. அது துண்டில் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். “வெள்ளாவி வைக்கிறதைத்தானே இவ்வளவு சுத்தி வளைச்சு சொல்றே?” என்றாள்.