குளோரின் தீரப்போகும் கிழமையில் அவசரக் கொள்வனவு

யாழ்ப்பாணத்துக் குடிநீர்த் திட்டங்களில், குளோரின் சிலிண்டரின் அமுக்கமானியைப் பார்த்துவிட்டு "இன்னும் கிடக்கு" என்று சொல்வதில்தான் பல அவசரங்கள் தொடங்குகின்றன. உள்ளே இருப்பது திரவக் குளோரின். திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை அமுக்கம் பெரிதாக மாறாது, அது முடிந்ததும் சடாரென்று விழும். எனவே தராசில் ஏற்றிப் பார்த்து, சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் வெற்று நிறையைக் கழித்தால்தான் எத்தனை கிலோ மிச்சம் என்று தெரியும். அவசரக் கோப்பின் முதல் தாள் அந்த நிறைக்குறிப்பாக இருக்கட்டும்.

அடுத்தது கணக்கு. நாளுக்கு 1,500 கன மீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் அளவு என்று வையுங்கள்: 2.25 கிலோ குளோரின் வேண்டும். 68 கிலோ சிலிண்டர் ஒன்று முப்பது நாள் ஓடும். அதே வேலையை 30 வீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரால் செய்ய நாளுக்கு 7.5 கிலோ, 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட்டால் ஏறக்குறைய 3.5 கிலோ தேவை. விலைமனு கேட்கும்போது மூட்டை விலையைக் கேட்காமல், ஒரு கிலோ குளோரினுக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். மலிவான மூட்டை பல தடவை அங்கேதான் தோற்கும்.

எவ்வளவு வாங்குவது? வழமையான ஓடர் வந்து சேரும் நாள்வரைக்கும், அதற்கு மேல் ஒரு கிழமைக்கும். கூட வாங்கினால் இரண்டு கரைச்சல். பவுடர் யாழ்ப்பாணத்து வெக்கையில் வீரியம் இழக்கும். கணக்காய்வில் "இது அவசரமா, வருடாந்தத் தேவையா?" என்ற கேள்வியும் வரும்.

கடைக்குப் போக முன் பக்கத்துத் திட்டங்களில் கடன் கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் என்றால் களஞ்சிய மாற்றுச் சீட்டு ஒன்றோடு வேலை முடிந்துவிடும். அங்கும் இல்லையென்றால் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: கையிருப்பு எத்தனை கிலோ, எந்தத் திகதியில் முடியும், எத்தனை இணைப்புகள் பாதிக்கப்படும், வழமையான கேள்விக்கோரல் (ரெண்டர்) ஏன் நேரத்துக்கு முடியாது, என்ன பொருள், எவ்வளவு. அனுமதி தொலைபேசியில் கிடைத்தாலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரே நாளில் மூன்று இடத்தில் விலை கேட்டு, தராதவர் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். தொகையை இரண்டு ஓடராகப் பிரித்துக் கொள்வனவு வரம்புக்குள் கொண்டுவரும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பிறகு அவசரத்தைவிடப் பெரிய தலையிடியாகும்.

சாமான் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வர வேண்டும். "அண்ணை, இரவைக்கு ஏத்திறன், விடிய வரும்" என்பார்கள். எதோடு ஏற்றுகிறார்கள் என்று அப்போதே கேளுங்கள். பவுடர் ஒக்சியேற்றும் பொருள், எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கக்கூடும். டீசல் பரல், கிரீஸ், அசிட் போத்தல் கிடக்கும் லொறியில் அதைப் போடக்கூடாது. இந்த நிபந்தனையைக் கொள்வனவுக் கட்டளையிலேயே எழுதினால்தான் சாரதியிடம் கதைக்கலாம்.

வந்ததும் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்க முதல் ஒரு சோதனை. பவுடர் 1 கிராமை 1 லீற்றர் போத்தல் தண்ணீரில் கரையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதுவே குளோரினைக் குடித்துவிடும். கரைசலில் 10 மில்லிலீற்றரை எடுத்து, இன்னொரு லீற்றர் போத்தல் தண்ணீரில் கலந்து, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் டிபிடி மாத்திரை போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 3 மில்லிகிராம் காட்டினால் 30 வீதம். 2 காட்டினால் 20 வீதம்தான், அப்போது விலையைப் பற்றித் திரும்பக் கதைக்க வேண்டியதுதான். ஐதாக்காமல் சோதிக்க வேண்டாம். செறிவு கூடினால் நிறம் வெளிறி, குளோரினே இல்லாத மாதிரித் தெரியும்.

காஸிலிருந்து பவுடருக்கு மாறும்போது பலர் மறப்பது, காஸ் குளோரினேற்றி கரைசலை ஏற்றாது என்பதை. கரைசலை அளவாகக் குழாய்க்குள் செலுத்தும் மருந்தூட்டும் பம்பும் வேண்டும், அதுவும் அதே ஓடரில். 500 லீற்றர் தாங்கியில் 7.5 கிலோவைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் வாய் அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 21 லீற்றர் போனால் ஒரு நாள் கணக்குச் சரி.

இங்கத்தைய தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கரைசல் பிரதான குழாய்க்குள் இறங்கும் முனையில் வெள்ளைக் கல் கட்டும். வெளியே பார்த்தால் பம்ப் ஓடும், உள்ளே ஒன்றும் போகாது. எனவே பம்போடு சேர்ந்த டயபிரம், வால்வுக் குண்டு, செலுத்து முனை ஆகிய மூன்றிலும் ஒவ்வொன்று மேலதிகமாக வாங்குங்கள். அடைத்த முனையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிய பின்தான் ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட வேண்டும். குளோரின் கரைசல் ஒட்டியிருக்க அமிலம் பட்டால் அந்த இடத்திலேயே நச்சுக் காஸ் கிளம்பும்.

(இந்தப் பட்டியலைத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்குப் பிரதி எடுக்க வேண்டாம். 2024 இல் திறந்த, நாளுக்கு 24,000 கன மீற்றர் தரும் அந்த நிலையத்தைப் போன்றவற்றில் உப்பைப் பிரிக்கும் மென்சவ்வுக்குக் குளோரின் எமன். அங்கே குளோரினை நீக்கும் மெற்றாபைசல்பைற்றும் நுண்துகள் பிடிக்கும் 5 மைக்ரோன் வடியும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.)

மாற்றிய நாளிலிருந்து கடைசித் தெருவின் குழாயில் காலையும் மாலையும் மீதிக் குளோரினை அளந்து எழுதுங்கள். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது. மலசலக்குழியும் கிணறும் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கும் ஊரில் ஒரு நாள் இடைவெளிகூட விடக்கூடாது. அந்தத் தாளையே கொடுப்பனவுக் கோப்பிலும் இணைத்துவிடுங்கள்.

வழமையான சிலிண்டர் வரும்போது, அதை இணைக்குமிடத்தில் போடும் ஈய வாசர்களும் வந்தனவா என்று எண்ணுங்கள். ஒருமுறை நசுங்கிய வாசரைத் திரும்பப் போட்டால் கசியும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதே வேண்டும். இணைத்தபின் அமோனியா போத்தலின் ஆவியைக் காட்டிப் பாருங்கள், கசிந்தால் வெள்ளைப் புகை எழும். வாசர் இல்லையென்றால், நிறைந்த சிலிண்டர் அறையில் நிற்க, பவுடர் மூட்டைக்கு இன்னொரு அவசரக் குறிப்பு எழுத வேண்டிவரும்.