ரிஃப்ளெக்சாலஜி: கைக்கு வேலை, வாய்க்கு அடக்கம்

பாதத்தின் புள்ளிகளை அழுத்திச் செய்யும் ரிஃப்ளெக்சாலஜி சிகிச்சைக்கு வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இது: "பாதத்தைத் தொட்டே உடம்பில் என்ன கோளாறுன்னு சொல்லிடுவீங்களாமே?" ஓரிடத்தில் அழுத்தி, அவர் முகம் சுளித்ததும் "கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். ஆள் அசந்துபோவார். அடுத்த வாரம் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். தொழில் பெருக நல்ல வழிதான். ஆனால் விபரீதம் தொடங்குவதும் அங்கேதான். இல்லாத கோளாறை நினைத்து ஒருவர் தூக்கம் கெடுவார். இன்னொருவர், "பாதத்துல ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டாங்க" என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். இரண்டில் இரண்டாவதுதான் ஆபத்து.

பாதத்தில் உடம்பின் வரைபடம் இருக்கிறது என்ற எண்ணம் இன்றைய வடிவத்தைப் பெற்றது அமெரிக்காவில். காது-மூக்கு-தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் உடம்பைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்தார். 1917-இல் அது புத்தகமாகவும் வந்தது. 1930-களில் பிசியோதெரபிஸ்ட் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்துக்குள் கொண்டுவந்து உறுப்பு உறுப்பாகப் புள்ளி குறித்தார். பயிற்சி வகுப்புகளின் சுவரில் தொங்கும் வண்ணப் படம் அந்த வழியில் வந்ததுதான். விரல்களில் தலை, விரலடி மேட்டில் நுரையீரல், வளைவில் வயிறும் குடலும், வலப் பாதத்தில் கல்லீரல், இடப் பாதத்தில் மண்ணீரல், உள்விளிம்பு நெடுக முதுகெலும்பு, குதிகாலில் இடுப்பு. இரண்டு பயிற்சிப் பள்ளிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில புள்ளிகள் இடம் மாறியிருப்பது தெரியும். புள்ளிக்கும் உறுப்புக்கும் இடையே தனி நரம்புத் தடம் எதையும் உடற்கூறியல் காட்டியதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, ஓரிடத்தையும் விடாமல் கை எப்படிப் போவது என்பதற்கான ஒழுங்காக வைத்துக்கொண்டால் அந்தப் படம் நல்ல கருவி. அதையே ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி படிக்கக் கூடாது.

வலிக்கிற இடத்துக்குப் பெரும்பாலும் பாதத்திலேயே காரணம் இருக்கும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைச் சுற்றி மூட்டும் தசைநாரும் நரம்பும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில் விரலடி மேட்டை அழுத்தும்போது சுரீரென்று விரல் நுனிவரை ஓடினால், படத்தின்படி அது நுரையீரல். நிஜத்தில் எலும்புகளுக்கு நடுவில் நசுங்கித் தடித்த நரம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மார்ட்டன் நியூரோமா என்பார்கள். பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து லேசாக அமுக்கும்போது வலி கூடினால் சந்தேகம் வலுக்கும். முன்பக்கம் குறுகிய ஷூ போடுகிறாரா என்று கேட்க வேண்டும். குதிகாலின் உள்பக்க முன்னோரத்தில் குத்துகிறதா? காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளில்தான் அதிகம் வலிக்கிறதா? அப்படியானால் அது உள்ளங்கால் தசைநார் குதியெலும்பில் பற்றும் இடம், இடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அழுத்தும் நம் கட்டைவிரலுக்கு அடியில் நறநறவென்று தட்டுப்படுவதை "யூரிக் அமிலப் படிகம், கரைச்சு விடுறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. தட்டுப்படுவது தடித்த தோல், தசைநார், குதிகால் கொழுப்பின் அறைகள். யூரிக் அமிலம் உண்மையிலேயே படிந்த மூட்டு சிவந்து, சுட்டு, போர்வை பட்டால்கூடத் துடிக்க வைக்கும். அந்தக் காலைத் தொடவே கூடாது.

தொடுவதற்கு முன் கேள்விகளுக்கே பத்து, பதினைந்து நிமிடம் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குச் சாதாரண அழுத்தத்திலேயே கன்றிப்போகும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் செய்யாமல் இருப்பது பொதுவான வழக்கம். அழுத்தத்தால் கரு கலையும் என்று நிரூபணமானதால் இந்த வழக்கம் வரவில்லை. அந்த மாதங்களில் கரு தானாகவே கலைவது உண்டு, சிகிச்சைக்குப் பிறகு அப்படி நேர்ந்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன் முடிவையே நொந்துகொள்வார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டு இருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "லேசா தடவி மட்டும் விடுங்களேன்" என்று கேட்டாலும் மறுத்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பிறகு பார்வை. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் ஆழமான பித்தவெடிப்பு, கால் ஆணி, மரு, நகத்தைச் சுற்றிச் சீழ். புறங்கையால் இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். முன்னங்கால் எலும்பின் மேல் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரு காலிலும் குழி விழுந்தால் இதயம், சிறுநீரகம், மருந்தின் பக்கவிளைவு எதுவாகவும் இருக்கலாம். எது என்று சொல்வது நம் வேலை இல்லை, டாக்டரிடம் காட்டினாரா என்று கேட்பது நம் வேலை. சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. நாம் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் "வலிக்குது" என்று அவர் சொல்வதை வைத்து. மரத்துப்போன பாதத்திலிருந்து அந்தத் தகவலே வராது. எங்கே உணர்வு இருக்கிறது என்பதை மருத்துவமனைகளில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் சோதிப்பார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்கலாம். உணர்வு குறைந்த பாதத்தில் கட்டைவிரல் அழுத்தமே வேண்டாம். உள்ளங்கையை வைத்து நிதானமாகத் தடவலாம், அல்லது பாதத்தை விட்டுவிட்டுக் கைகளில் செய்யலாம். புண் இருந்தால் அதுவும் அப்புறம்தான். முதலில் புண்ணுக்கு வைத்தியம்.

உட்காரும் முறையைச் சொல்லித்தருவதில் யாருக்கும் அக்கறை இருப்பதில்லை. வந்தவரின் பாதம் நம் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும், அவர் முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டும், அவர் முகம் நமக்குத் தெரிய வேண்டும். பாதத்தைவிட அதிகம் பார்க்க வேண்டியது முகத்தைத்தான். பலர் மரியாதைக்காக வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். மூச்சை அடக்குவது, கால்விரல்கள் மடங்குவது, கண் ஓரம் சுருங்குவது, பேச்சு பாதியில் நிற்பது எல்லாம் அதற்கு அடையாளம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளவு சொல்லி, நாலு, ஐந்தைத் தாண்டவிடக் கூடாது. வலித்தால்தான் வேலை செய்கிறது என்பது வந்தவரின் நம்பிக்கை மட்டுமில்லை, சில சிகிச்சையாளர்களின் நம்பிக்கையும்கூட. மறுநாள் பாதம் கன்றி நீலம் பாரித்திருந்தால் அது நாம் செய்த காயம்.

கணுக்காலைச் சுழற்றுவது, பாதத்தின் இரு ஓரங்களையும் உள்ளங்கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவது, முன்பாதத்தைத் துணி பிழிவது போல மெல்லத் திருப்புவது: முதல் நாலைந்து நிமிடம் இவ்வளவுதான். இதைச் சுருக்கிவிட்டு நேராகப் புள்ளிக்குப் போகிறவர்கள் இறுகிய தசையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிறகு கட்டைவிரல் நடை. ஒரு கை பாதத்தைப் பிடித்து விரல்களை லேசாகப் பின்னுக்கு வளைத்துத் தோலை விறைப்பாக வைத்திருக்கும். மறு கையின் கட்டைவிரல் நுனிக் கணுவில் மட்டும் மடங்கி நிமிரும். ஒவ்வொரு மடங்கலுக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னேறும். முன்னோக்கி மட்டுமே, பின்னால் இழுப்பதில்லை. தொடுவது விரல் நுனியின் ஓரம், நகம் படவே கூடாது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கற்றவருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் தெரியும். புதியவர் கட்டைவிரலாலேயே குத்துவார். பழகியவர், பாதத்தின் மறுபக்கம் படிந்திருக்கும் நாலு விரல்களைத் தன் பக்கம் இழுப்பார், மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்துவார். நெம்புகோல் விசையில் அழுத்தம் தானாக வந்து சேரும். நடையின் வேகம் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்று, அடுத்த இடத்தில் தாவினால் வந்தவர் அடுத்த அழுத்தத்தை எதிர்பார்த்துக் காலை இறுக்கிக்கொண்டே இருப்பார்.

எண்ணெயை ஆரம்பத்திலேயே ஊற்றினால் இந்த நடை வராது, வழுக்கும். கொஞ்சம் சோளமாவு போதும். எண்ணெய் கடைசித் தடவலுக்கு. அதையும் துண்டால் உள்ளங்கால், விரலிடுக்கு வரை துடைத்தெடுத்த பிறகே எழுந்திருக்க விட வேண்டும். ரிஃப்ளெக்சாலஜி அறையில் நிஜமாக நடக்கக்கூடிய விபத்து, எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் சறுக்கி விழுவதுதான். சிலருக்குச் சட்டென்று எழுந்ததும் தலை சுற்றும், ஆகவே இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து அனுப்புவது நல்லது. தண்ணீர் கொடுக்கலாம், தாகத்துக்காக. நச்சு வெளியேறுவதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இதனால் கிடைப்பது என்ன? மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்று நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டின் இயற்கைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து இதை நீக்கினார்கள். இன்னொரு பக்கம், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான பெரிய சோதனையில் மூச்சுத்திணறலின் கடுமை குறைந்தது; வலியிலும் குமட்டலிலும் மாற்றம் இல்லை. அதே சோதனையில், ரிஃப்ளெக்சாலஜி பயிற்சி பெறாத ஒருவர் வெறுமனே பாதத்தைப் பிடித்துவிட்ட குழுவில் களைப்பு குறைந்திருந்தது. இந்தக் கடைசித் தகவல் தொழிலில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும். உறைக்கட்டும். ஒருவர் அவசரப்படாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் பாதத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதே பாதி வேலை என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

புற்றுநோய் வார்டில் கணக்கே வேறு. நேரம் பத்து முதல் இருபது நிமிடம், அழுத்தம் க்ரீம் தடவும் அளவு, வாசனை எண்ணெய் கூடவே கூடாது. கீமோ எடுப்பவருக்கு லேசான மணமே குமட்டும். கீமோ மருந்துகளில் பேக்ளிடாக்செல் எடுப்பவரின் பாதம் மரத்திருக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவருக்குக் குளிர்ந்த கை பட்டால் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும். கையை வெந்நீரில் கழுவிச் சூடேற்றிக்கொண்டு போக வேண்டும். கேபசிடபைன் எடுப்பவரின் உள்ளங்காலும் உள்ளங்கையும் சிவந்து உரிந்திருந்தால் இரண்டையும் தொடக் கூடாது, தேய்ப்பு அதை மோசமாக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்காமல் யாரையும் தொடுவதில்லை.

குறிப்பேட்டில் "கல்லீரல் புள்ளி அடைப்பு" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "வலது குதி உள்முன்னோரம் தொட்டால் வலி, அளவு 4, இடது மூன்றாம் விரலிடுக்கில் வெடிப்பு, டாக்டரிடம் காட்டச் சொன்னது, நேற்று தூங்கியது நாலு மணி நேரம் என்றார்" என்று எழுதினால் அடுத்த முறை ஒப்பிட முடியும். வாரம் ஒன்று வீதம் ஆறு முறை செய்துவிட்டு அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூக்கமோ மனநிம்மதியோ கொஞ்சமும் மாறவில்லை என்றால், "இதோட நிறுத்திக்கலாம்" என்று சொல்பவர் நாமாக இருக்க வேண்டும். மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

சிகிச்சையாளரின் கட்டைவிரலுக்கும் ஆயுள் உண்டு. அடிமூட்டில் வலி, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் பிடிப்பு, ஜாடி மூடியைத் திறக்கும்போது குத்துவது: தவறான கோணத்தில் அழுத்தும் பழக்கம் இப்படித்தான் வெளியே தெரியும். அழுத்தும்போது கட்டைவிரலின் நடுமூட்டு பின்பக்கம் வளைந்து சரிகிறதா என்று பக்கவாட்டிலிருந்து வேறொருவரைப் பார்க்கச் சொல்லலாம், தனக்கே தெரியாது. ஒரு நாளைக்கு நாலைந்து பேர், நடுவே கால்மணி நேர இடைவெளி, கைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. வலி வந்த பிறகும் அதே விரலால் தொடர்ந்தால் வீக்கம் நாள்பட்டதாகி, கடைசியில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.